முதலடி யாருடையது?

நல்லது இன்னது என்று அறியாமல் கெடுவது ஒரு வகை. அறிந்திருந்தும் செய்யாமல் கெடுவது மற்றொரு வகை. முன்னதற்கு மருந்து கல்வி. பின்னதற்கு மருந்து யாது என்பது நெடுங்காலமாக அறிஞர்களை அலைக்கழித்துவரும் வினா. உடலுழைப்பும் பயிற்சியும் இன்றிப் பல்லாண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவர் மீண்டும் எழுந்து நடக்க வேண்டும் என்று எண்ணும்போது, இவ்வினா ஏடுகளை விட்டிறங்கி நம் வீட்டுத் திண்ணைக்கே வந்து அமர்ந்துகொள்கிறது. நடப்பது நல்லது என்பதை அறியாதார் இன்று எவருமிலர். மருத்துவர் சொல்கிறார்; மகன் வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் சொல்கிறான்; மாடிப்படி ஏறும்போது மூச்சும் சொல்கிறது. ஆயினும் கால் எழுவதில்லை. ஏனென்று கேட்டால், “எல்லாம் தெரியும், ஆனால் மனம் வரவேண்டுமே!” என்பதே மறுமொழியாக வருகிறது.

அந்த மனம் எங்கிருந்து வரும்? அது வந்தபின்னர்தான் நடக்க வேண்டுமா? அன்றி, நடந்தபின்னர்தான் அது வருமா? இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு நடப்பதற்கு இடமில்லை என்று சொல்ல வாய்ப்பில்லை. ஊரின் நடுவே மலைக்கோட்டை நிற்கிறது. வடக்கே காவிரி, அதன்மீது 1976ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம், அதனைக் கடந்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கம், மதிலுக்குள் மதிலாகவும் வீதிக்குள் வீதியாகவும் அமைந்து, சுற்றி நடப்பதற்கென்றே கட்டிவைத்த ஊர்போல் விளங்குகிறது. சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகின்றவர்களுக்கு விடியலின் குளிர்ந்த காற்று இலவசமாகவே கிடைக்கிறது. இத்தனையும் இருந்தும், அவர்களுள் மிகச் சிலரே நடையைத் தொடர்கின்றனர். பெரும்பாலோர் தேநீர்க் கடையை நாடுகின்றனர், அல்லது மீண்டும் படுக்கையை நாடுகின்றனர். ஆகவே, குறை இடத்தில் இல்லை, அறிவிலும் இல்லை.

நன்மையை உண்மையாகவே அறிந்தவன் தீமையைச் செய்யமாட்டான் என்பது கிரேக்க ஞானி சாக்ரடீசின் கொள்கை. அவருக்குப்பின் வந்த அரிஸ்டாட்டில் இதனை அப்படியே ஏற்கவில்லை. அறிந்தும் வழுவுதல் என்பது கண்கூடான உண்மை என்றார் அவர். நற்பண்பு என்பது கேட்டறிவதால் அன்று, செய்து பழகுவதால் வருவது என்றும் நிறுவினார். நம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் இக்கருத்தினை அழகான ஓர் உவமையால் விளக்குகின்றார்கள். எழுத்துக் கலையில் தேர்ச்சிபெற விரும்புகின்றவன், தேர்ந்த கலைஞனின் கை செய்வதைத் தன் கையாலும் செய்து செய்து பழகுகின்றான். தொடக்கத்தில் அது வலிந்து செய்வதே. நாளடைவில் அதுவே அவன் இயல்பாகி, அவனுக்குள்ளிருந்து தானாகவே சுரக்கத் தொடங்குகிறது. உள்ளம் உறுப்புகளை ஏவுகிறது என்பது பாதி உண்மை; உறுப்புகளின் செயல் உள்ளத்தைத் திருத்துகிறது என்பது மறு பாதி.

இம்மறு பாதியைத்தான் நாம் மறந்துவிடுகின்றோம். பசி எடுத்தபின் உண்பதுபோல, ஊக்கம் பிறந்தபின் எழுந்து நடக்கலாம் என்று காத்திருக்கின்றோம். ஆனால் நெடுங்காலம் அசையாதிருந்த உடலுக்கு அசைவில் பசி எடுப்பதில்லை. அசையாமையே அதற்கு இன்பமாகத் தோன்றுகிறது. எனவே, காத்திருக்குந்தோறும் ஊக்கம் வளர்வதில்லை, தேய்கிறது.

இந்நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம்? “இன்று முதல் உடலை அசைக்கமாட்டேன்” என்று எவரும் சூளுரைத்து அமர்வதில்லை. சோம்பல் வாசல் வழியே வருவதில்லை. வசதி என்னும் வேடம் பூண்டு கொல்லைப்புறமாக வருகிறது. பாலக்கரையிலிருந்து காந்தி சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் பிள்ளைகள் மிதிவண்டி வாங்கினர். பேரப்பிள்ளைகள் இருசக்கர ஊர்தி வாங்கினர். இன்று காய்கறி வாசலுக்கே வருகிறது. கிணற்றில் நீர் இறைத்த கை குழாயைத் திருகியது; பிறகு பொத்தானை அழுத்தியது. இவற்றுள் எதுவும் தீமையன்று. அம்மியும் உரலும் உழைப்பும் திரும்பிவரட்டும் என்று சொல்பவர், அவற்றால் தேய்ந்த பெண்களின் கைகளைப் பார்த்திராதவர். ஆனால், உழைப்பு போன இடத்தில் வேறொன்றும் வந்து நிரம்பவில்லை என்பதே நம் காலத்தின் குறை.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், ‘முகத்திமா’ என்னும் தம் நூலில், நகரத்தார் பலவகை உணவை உண்டு உடலை அசைக்காது இருப்பதால் பிணிகளுக்கு ஆளாகின்றனர் என்றும், ஆகவேதான் அவர்களுக்கு மருத்துவம் மிகுதியும் தேவைப்படுகிறது என்றும் கண்டு எழுதினார். மருத்துவ மேதை இப்னு சீனாவும் ‘அல் கானூன்’ நூலில் உடல்நலம் பேணும் முறைகளுள் பயிற்சிக்கு முதலிடம் தந்தார். 1953ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் இதனை எண்களால் மெய்ப்பித்தார். அந்நகரின் மாடிப் பேருந்துகளில் நாள்முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாள்முழுதும் படியேறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒருவர் அமர்ந்தார், மற்றவர் நடந்தார்.

இன்று நம் நாட்டின் நிலை என்ன? 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன அறிஞர்களின் கணிப்பு 2024இல் வெளியாயிற்று. உலகில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 31 பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள்; இந்தியாவிலோ ஏறத்தாழப் பாதிப்பேர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல் எனக் கணக்கிட்டது. நம் குடும்பங்களில் விருந்துக்கு அமர்வோரைச் சுற்றிப் பார்த்தாலே இக்கணக்கு விளங்கும்.

சரி, எழ வேண்டும் என்று எண்ணியவரைத் தடுப்பவை எவை? மூன்றினைக் காண்கின்றோம்.

முதலாவது, நாணம். பருத்த உடலோடு வீதியில் வேகமாக நடந்தால் பார்ப்போர் நகைப்பரோ என்னும் கூச்சம். இதற்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. வீதியில் செல்வோர் தத்தம் கவலைகளைச் சுமந்து செல்கின்றனர். பிறர் நடையை அளப்பதற்கு அவர்களுக்கு ஓய்வில்லை. முதல் நாள் பார்த்தவரும் மூன்றாம் நாள் பார்ப்பதில்லை.

இரண்டாவது, பழைய நினைவு. கல்லூரி நாளில் பந்தாடியவர், காவிரியை நீந்திக் கடந்தவர், மிதிவண்டியிலேயே கல்லணைவரை சென்று வந்தவர் ஆகியோர்க்கே இத்தடை பெரிது. கால் மணி நேரம் நடந்து மூச்சு வாங்கும்போது, இருபது வயது இளைஞன் ஒருவன் அவர்முன் தோன்றி எள்ளி நகைக்கின்றான். அவ்விளைஞன் வேறு எவனுமல்லன், அவரேதான். நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிடுவது, பிறரோடு ஒப்பிடுவதைவிடக் கொடிது. அவ்வொப்பீடு தரும் துயரத்தைத் தாங்க மாட்டாமலேயே பலர் இரண்டாம் நாள் நின்றுவிடுகின்றனர்.

மூன்றாவது, “காலம் கடந்துவிட்டது” என்னும் அவநம்பிக்கை. இது பணிவுபோல் தோன்றும், ஆனால் பணிவன்று. ஆராய்ந்து பாராமல் கூறிய தீர்ப்பு. ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயது இளைஞர் ஐவரை 3 வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தி ஓர் ஆய்வு நடத்தினர். உழைக்கும் வேளையில் பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களுடைய உடலின் ஆற்றல் பெரிதும் சரிந்துபோயிற்று. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரைத் தேடிக் கண்டு மீண்டும் சோதித்தனர். அப்போது அவர்களுக்கு வயது ஐம்பது. வியப்பு என்னவெனில், 30 ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, இளமையில் 3 வாரப் படுக்கை செய்த கேடே மிகுதியாக இருந்தது. பின்னர், நடை, மெல்லோட்டம், மிதிவண்டி என 6 மாதங்கள் படிப்படியாகப் பயிற்சி அளித்தபோது, 30 ஆண்டுகளில் இழந்த அவ்வாற்றலை அவர்கள் மீட்டுக்கொண்டனர். ஐவரை மட்டும் கொண்டு நடந்த ஆய்வு இது. எல்லார்க்கும் இதே பயன் கிட்டும் என்று உறுதி கூற இயலாது. எனினும், முதுமையின் பெயரால் நாம் எழுதிவைக்கும் கணக்கில் பெரும் பகுதி அசையாமையின் கணக்கே என்பதை இது காட்டுகிறது. 1990இல் வெளியான மற்றோர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதினர் சிலருக்கு 8 வாரங்கள் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய கால்களின் வலிமை இரு மடங்கிற்கும் மேலாகப் பெருகியது.

பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங்கின் வரலாறும் நினைக்கத்தக்கது. மனைவியையும் பின்னர் ஒரு மகனையும் இழந்து, இலண்டனில் துயரத்தில் ஆழ்ந்திருந்த அம்முதியவர், துயரை ஆற்றும் வழியாக ஓட்டத்தைக் கைக்கொண்டார். 2000ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில், இலண்டன் மாரத்தானின் 42 கிலோமீட்டரையும் கடந்தார். 2011இல் டொராண்டோவில் நூறு வயதினராக மீண்டும் கடந்தார். பிறப்புச் சான்று இல்லாமையால் கின்னஸ் நூலார் அதனைப் பதிவு செய்யவில்லை. ஏட்டில் ஏறாவிட்டாலும் அவர் ஓடியது ஓடியதுதான். 2025 ஜூலையில் சொந்த ஊரில் நேர்ந்த சாலை விபத்தில் அவர் மறைந்தார். அவர் துயரம் தீர்ந்தபின் ஓடவில்லை. ஓடியதால் துயரம் இளகியது என்பதை நோக்குக.

இனி நம் வினாவுக்கு வருவோம். நம் சமுதாயத்தினர்க்கு இதன் விடை புதிதன்று. நாள்தோறும் ஐந்து வேளை நாம் அதனை வாழ்ந்து காட்டுகின்றோம். பாங்கொலி கேட்டதும், “உள்ளத்தில் பக்தி பொங்கட்டும், பிறகு எழலாம்” என்று எவரேனும் காத்திருக்கின்றனரா? வக்து வந்துவிட்டது, எழுகின்றோம், ஒளூச் செய்கின்றோம், வரிசையில் நிற்கின்றோம். சில நாள்களில் உள்ளம் நம்மோடு வருகிறது. பல நாள்களில் உடல் முன்னே வந்து நின்றுவிட, உள்ளம் இரண்டாம் ரக்அத்தில்தான் வந்து சேர்கிறது. உள்ளம் வராத தொழுகை குறையுடையதே. ஆனால் உடலும் வராதிருந்தால் உள்ளம் வந்து சேர்வதற்கே ஓர் இடமிராது.

நிய்யத் என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் அதனை விருப்பம் என்று பொருள் கொண்டு மயங்குகின்றோம். விருப்பம் என்பது வந்து போகும் உணர்ச்சி. நிய்யத் என்பது தீர்மானம். நோன்பு வைக்க நிய்யத் செய்கின்றவருக்குப் பசித்திருப்பதில் ஆசை இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசை இல்லாமலும் தீர்மானம் செய்ய இயலும் என்பதுதான் மனிதனின் பெருமை. எனவே, நடப்பதற்கு நமக்குத் தேவைப்படுவது ஆசை பிறப்பதன்று, தீர்மானம் செய்வது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, ஆதலின் வேறு பயிற்சி எதற்கு என்று கூறுவோர் உளர். தொழுகையின் அசைவுகளால் உடலுக்கு நலம் விளைவது உண்மையே. ஆனால் இறைவணக்கத்தை உடல்நலத்தின் தராசில் நிறுப்பது வணக்கத்துக்கும் பெருமையன்று, உடலுக்கும் போதாது. வயதுவந்தோர்க்கு வாரத்தில் 150 நிமிடங்களேனும் மிதமான இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி. அது தனியே செலுத்த வேண்டிய கடன்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, நடவாதவர் எல்லாரும் தீர்மானம் இல்லாத சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. மேற்கூறிய கணிப்பில், நம் நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 42 பேரும் பெண்களில் 57 பேரும் போதிய இயக்கமில்லாதவர் எனக் காண்கிறோம். இவ்வேறுபாடு பெண்களின் சோம்பலால் வந்ததா? விடியுமுன் எழுந்து அடுப்பருகே நிற்கின்ற தாய்க்கு அரைமணி நேரம் எவர் தந்தார்? அவர் நடந்து செல்லக் கூச்சமற்ற வீதி எது? “உனக்கு மனமில்லை” என்று அவரிடம் கூறுவது அநீதி. வீட்டார் நேரம் தராதபோது, மனமில்லை என்னும் குற்றச்சாட்டு வீட்டாரையே சாரும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்னும் செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னர் அவர்கள் உடல் சற்றுப் பருத்தபோது பெருமானார் முந்தினார்கள். அன்பும் நகையும் கலந்த அந்நிகழ்ச்சியைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் நாம், நம் வீட்டுப் பெண்கள் நால்வர் சேர்ந்து காலையில் நடந்துவர வழி செய்துள்ளோமா? கணவர் அந்த அரைமணி நேரம் தேநீரைத் தாமே போட்டுக்கொண்டால் போதும். ஒரு வீட்டின் உடல்நலம் அங்கே தொடங்கிவிடும். ஊக்கம் என்பது தனியொருவர் நெஞ்சில் மட்டும் விளையும் பயிரன்று. சுற்றியுள்ளோர் பாய்ச்சும் நீரிலும் விளைவது.

நீர் என்றதும் காவிரியின் நினைவு வருகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. கோடையில் காய்ந்துகிடந்த ஆற்றில் முதலில் வரும் நீரை மணலே குடித்துவிடுகிறது. முக்கொம்பைக் கடந்து கல்லணையை அது அடையச் சில நாள்கள் ஆகின்றன. முதல் நாள் கரையில் நின்று, “திறந்த நீர் எங்கே?” என்று கேட்பவன் ஏமாறுவான். நீர் வீணாகவில்லை, மணலை நனைத்துக்கொண்டிருக்கிறது. பல்லாண்டு காய்ந்த உடலில் முதல் சில வார நடையும் அத்தகையதே. எடை குறையாது, இடுப்பு மெலியாது, கால் மட்டும் வலிக்கும். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று நனைந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு காலம் பொறுப்பது? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஒரு புதிய செயல் தன்னியல்பான பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின; விரைந்தவர்க்கு 18 நாள்கள்; சிலர்க்கோ 254 நாள்கள்வரை ஆகும் எனக் கணித்தனர். இடையே ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ஆகவே, ஒரு நாள் தவறியதைக் காரணமாக்கி எல்லாவற்றையும் கைவிடுவது, தானே தனக்குச் செய்துகொள்ளும் வஞ்சனை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் கணக்கைக் கண்டும் மலைக்க வேண்டியதில்லை. அது 1965ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளக்கும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண்ணே. குறைவாயினும் தொடர்ந்து செய்யும் நற்செயலின் சிறப்பைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்தியுள்ளார்கள். பள்ளிவாசலிலிருந்து திரும்புகையில் ஒரு தெரு சுற்றி வருவது இன்றைக்குப் போதும். இதய நோயும் நீரிழிவும் மூட்டு வலியும் உடையோர், மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே முறை.

திருவரங்கத்துத் தெற்கு வாயிலில் நிற்கும் இராசகோபுரம் இக்காலத்தார் பலர்க்கும் என்றென்றும் அங்கு நின்றதுபோல் தோன்றும். அது பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம். 1979ஆம் ஆண்டில் அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர், எண்பதைக் கடந்த வயதில், அத்திருப்பணியைத் தொடங்கினார். 13 நிலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து 1987இல் 236 அடிக் கோபுரம் நிறைவுற்றது. நம் அண்டை வீட்டாரின் வழிபாட்டிடம் அது. ஆயினும், நின்றுபோன பணியை மீண்டும் தொடங்குவதற்கு அது கூறும் பாடம் எல்லார்க்கும் பொது. நானூறு ஆண்டு ஏன் கட்டவில்லை என்று அழுதுகொண்டிருந்தால் முதல் நிலையும் எழுந்திராது.

இறுதியாக ஒன்று. எதற்காக நடப்பது? மருத்துவமனைத் தாளில் கண்ட எண் தரும் அச்சம் இரண்டு வாரங்கள் நடக்க வைக்கும். அடுத்த தாளில் எண் குறைந்ததும் அச்சம் போகும், நடையும் போகும். அழகுக்காக என்றால், கண்ணாடி விரைவில் சலிப்பூட்டும். உடல் நமக்கு உடைமையன்று, அமானத். ஒப்படைத்தவன் திரும்பக் கேட்கும்வரை அதனைப் பழுதின்றிக் காப்பது நம் பொறுப்பு. நம் பள்ளிவாசல்களின் வரிசைகளில் நாற்காலிகள் பெருகிவருவதைக் காண்கின்றோம். நோயால் அமர்வோர்க்கு அது மார்க்கம் தந்த சலுகை. அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால், இன்று நடந்தால் நாளை நாற்காலி தேவைப்படாத முழங்கால்களும் நம்மிடையே உள்ளன. நெற்றி நிலத்தில் படும் அந்தச் சில நொடிகளை முதுமையிலும் இழவாதிருக்க வேண்டும் என்பதைவிடப் பெரிய ஊக்கம் நமக்கு வேறென்ன வேண்டும்?

முதலடி மனத்துடையதன்று, காலுடையது. நாளைச் சுபுஹில் கால் அந்த அடியை எடுத்து வைக்கட்டும். மனம் சற்றுப் பின்னால் வரும், வந்து சேரும்.